அடுத்த கவ்வாத்துக்குள்ள

டிக்கோயாவில் ஓட்டோ ஓட்டுகிறவனுக்குக் கடிகாரம் தேவையில்லை, காது போதும். போனில் ஒருவர் "இந்தா வந்துட்டேன்" என்றால் அவர் இன்னும் குளிக்கவில்லை. "செத்த நேரம் நில்லுங்க" என்றால் இன்ஜினை அணைத்துவிடலாம். "ஒரு நிமிசம்" என்பது ஒரு தேத்தண்ணி. "ரெண்டே நிமிசம்" என்றால் கூட ஒரு வடையும் சாப்பிடலாம். ஏதாவது அலுவலகத்துக்குள் இருந்து "தவ டிக்கக்", அதாவது இன்னும் கொஞ்சம், என்று சிங்களத்தில் குரல் வந்தால் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்வது உடம்புக்கு நல்லது.

இப்படியெல்லாம் சொல்லி ஸ்டாண்டில் நாலு பேரைச் சிரிக்க வைக்கிறவன் நான். ஆனால் குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று என் பெண்டாட்டி, "ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேங்க" என்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு எட்டு என்றால் எங்கள் லயத்து வீட்டிலிருந்து கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிற நேரம்.

அவள் போவதற்கு முந்திய வாரம்தான் எங்கள் லயத்துக்கு மேலே இருக்கிற ஆறாம் நம்பர் மலையில் கவ்வாத்து முடிந்திருந்தது. தேயிலைச் செடியை இடுப்பளவுக்குக் கீழே மொட்டையாக வெட்டிவிடுவார்களே, அதுதான். நாலஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை வரும். தோட்டத்தில் நாங்கள் பிள்ளை பிறந்ததையும் கலியாணம் முடிந்ததையும் "அந்தக் கவ்வாத்துல", "அதுக்கு முந்தின கவ்வாத்துல" என்றுதான் ஞாபகம் வைத்திருக்கிறோம். பஸ் ஏறும்போது அவளும் அந்தக் கணக்கில்தான் சொன்னாள்: "அடுத்த கவ்வாத்துக்குள்ள வந்துருவேன்." பதினெட்டு வருசம் அந்த மலையில் கொழுந்து எடுத்தவள். அவள் கணக்குத் தப்பாது என்று நம்பினேன்.

ரெண்டு வருச அக்ரிமெண்ட் முடிந்தது. "மக படிப்பு முடியட்டும். இன்னொரு ரெண்டு வருசம் போட்டுக்கிறேனே. கவ்வாத்துக்குத்தான் இன்னும் நாள் கெடக்குதே" என்றாள். நான் வெளியே வந்து மலையைப் பார்த்தேன். பச்சைப் பசேலென்று கிடந்தது. சரி என்றேன்.

வெள்ளிக்கிழமைதான் அவளுக்கு ஓய்வு. இங்கே அந்திக் கொழுந்து நிறுக்கிற நேரம் அங்கே மத்தியானமாக இருக்கும். எதிலும் எனக்கு முன்னால் நிற்கிறவள் என்னைவிட ரெண்டரை மணி நேரம் பின்னால் இருப்பது இந்தப் போனில் மட்டும்தான்.

போன மாதம் ஒரு தம்பி கவ்வாத்துக் கத்தியோடு என் ஓட்டோவில் ஏறினான். "எங்கடா கத்தியும் கையுமா?" என்றேன்.

"திங்கக்கெழம ஆறாம் நம்பர்ல கவ்வாத்துண்ணே."

பிரேக்கை அழுத்திய வேகத்தில் அவன் என் முதுகில் வந்து மோதினான். "மூணரை வருசந்தானேடா ஆச்சு?"

"கொழுந்து கொறஞ்சு போச்சாம். முந்திக்கிட்டாங்க. அதுக்கு என்னைய ஏண்ணே கொல்லப் பாக்குறீங்க?"

கவ்வாத்துக் கத்திக்கும் குவைத் அக்ரிமெண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த மலையை வெட்டிவிட்டால் அவள் சொன்ன கெடு அவள் வராமலே முடிந்துபோகும். அதற்குப் பிறகு எதை வைத்து அவளை எதிர்பார்ப்பது? நேராகக் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு ஓட்டினேன். மலையில் வேலை வாங்குகிறவர் அவர்தான்.

"அய்யா, ஆறாம் நம்பர வெட்ட வேணாங்க. பெரிய குளவிக்கூடு ஒன்னு இருக்கு. நானே பாத்தேன்."

குளவி என்றால் எங்கள் தோட்டத்தில் யாரும் விளையாடமாட்டார்கள். அவர் அப்போதே ரெண்டு பேரை அனுப்பினார். அவர்கள் தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒவ்வொரு செடியாகத் தேடினார்கள். ரெண்டு மணி நேரம். நான் கீழே நின்று, அங்கே பாருங்க, இல்லை இங்கே பாருங்க என்று கை காட்டிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குளவிக்காக மாரியம்மனை வேண்டினேன். ஒரு ஈகூட இல்லை.

கணக்கப்பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தார். "கூடு மலையில இல்லப்பா. ஒன் மண்டையிலதான் இருக்கு. ஓட்டோவ எடுத்துக்கிட்டுப் போயிரு."

திங்கட்கிழமை வெட்டினார்கள். நான் அன்றைக்கு முழுக்க ஹட்டன் பக்கமே சவாரி பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. "ஆறாம் நம்பர் எப்பிடி இருக்கு?" என்றாள்.

"ஜம்முன்னு இருக்கு. கொழுந்து பொங்கி வழியுது."

"ஓ. குளவிக்கூடு அம்புட்டுச்சா?"

பக்கத்து வீட்டு அக்கா மொட்டை மலையைப் படம் எடுத்து, என் வீரக்கதையையும் சேர்த்து அனுப்பியிருக்கிறது. அவள் சிரித்த சிரிப்பில் போன் இரைந்தது. அப்படி அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தேன். அதை அளக்க எனக்குச் சொல் கிடைக்கவில்லை. சிரிப்பு நின்றது.

"மூணாவது தடவையும் போடச் சொல்றாங்க" என்றாள் மெதுவாக.

"நீ என்ன சொன்ன?"

"கொஞ்ச நாள்ல சொல்றேன்னேன்."

ஊரில் எல்லாருடைய கொஞ்ச நாளுக்கும் எனக்கு அர்த்தம் தெரியும். இதற்குத் தெரியவில்லை. வழக்கம்போல் ஏதாவது கிண்டலாகச் சொல்ல வாயைத் திறந்தேன். "வந்துரு" என்றுதான் வந்தது. "போதும். வந்துரு."

எதிர்ப்பக்கம் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"போடலன்னு சொல்லிர்றேன். இன்னும் அஞ்சு மாசம் இருக்குங்க."

"அஞ்சு மாசம்னா?"

"அஞ்சு மாசம்னா அஞ்சு மாசந்தான். வேற என்னா?"

நடுவில் பெப்ரவரி வருகிறது, அது எப்படியும் ரெண்டு நாளைக் குறைத்துவிடும் என்று நேற்று ஸ்டாண்டில் ஒருவன் கண்டுபிடித்துச் சொன்னான். அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சனம் வேடிக்கை பார்த்தது.