தவமணி வரைந்த படங்கள்

வருடத்துக்கு ஒரே ஒரு இதழ்தானே, அதற்கு என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் ஒருநாளும் சங்க மலர் போட்டவர்களாக இருக்க மாட்டார்கள். போட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டாயம் கட்டுரை தருகிறேன் என்று சத்தியம் செய்தவர், ரயில் மேடையில் உங்களைக் கண்டதும் அடுத்த பெட்டியில் ஓடி ஏறுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எண்பதுகளின் நடுவில் தொடங்கி, எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பன்னிரண்டு மலர்கள் லண்டனில், நோர்பரியில் என் சாப்பாட்டு மேசையில்தான் உருவாகின. இங்கே நான் சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்தாலும், ஊரில் படிப்பித்தவள் என்பதால் எல்லோருக்கும் ரீச்சர்தான். அந்த ஒரே காரணத்துக்காக ஆசிரியர் பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பதினொரு முகங்கள்

முதல் மலர் முப்பத்திரண்டு பக்கம். அதில் பதினொரு பக்கம் நிர்வாகக் குழுவினரின் புகைப்படங்கள், ஆளுக்கொரு பக்கம். உற்றுப் பார்த்தால் பதினொரு பேரும் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றது தெரியும்.

தட்டச்சுச் செய்த தாள்களை வெட்டி ஒட்டிப் பிரதி எடுப்பதுதான் அன்றைய முறை. கதை முடிகிற இடத்தில் கையகலத்துக்கு வெள்ளையாக இடம் விழுந்துவிடும். அதை என்ன செய்வது என்று தலைவரைக் கேட்டேன். நல்ல மனிதர், மண்டபம் பிடிப்பதிலிருந்து கதிரை அடுக்குவது வரை தானே செய்வார். என் கேள்விக்கு மட்டும் அவர் யோசிக்கவே இல்லை.

“அதுக்கென்ன ரீச்சர், என்ர படத்தை இன்னொருக்காப் போடுங்கோ.”

வழக்கில்லாத பெயர்

அடுத்த வருடம் என்னைக் காப்பாற்ற வந்தவர் குணம். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. பையிலிருந்து இருபது சின்னப் படங்களை எடுத்து மேசையில் பரப்பினார். சேலைக்கு மேலே தடித்த கோட்டு, காலுறைக்கு மேலே செருப்பு, பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்க பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு அம்மா. பனியில் புதைந்த காரைத் தள்ளும் நாலு பேர், தள்ளாமல் யோசனை மட்டும் சொல்லும் ஐந்தாவது ஆள். முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் பார்த்தேன். தினமும் எதிரில் கண்டதை நான் ஒருநாளும் சரியாகப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

தன் பெயரைப் போடக் கூடாது என்றார். அகதி வழக்கு முடியவில்லை, அச்சில் பெயர் வந்தால் ஏதாவது வில்லங்கம் வருமோ என்று பயம். வழக்கு வென்றால்தான் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவியைக் கூப்பிடலாம். இவ்வளவு நல்ல கைக்கு ஒரு பெயர் வேண்டாமா என்று நான் சண்டை பிடித்தேன். கடைசியில் மனிதர் இறங்கி வந்தார்.

“அப்ப தவமணி எண்டு போடுங்கோ. என்ர மனிசி. அவவுக்கு இஞ்சை ஒரு வழக்கும் இல்லை.”

குட்மேய்ஸ் அக்கா

மலர் வந்த கிழமையே லண்டனின் மறுகோடியில் இருக்கும் குட்மேய்ஸிலிருந்து ஒரு அக்கா போன் எடுத்தார். நான் ராப்பகலாகத் திருத்திய கட்டுரைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. தவமணியின் படங்களை வெட்டிச் சுவரில் ஒட்டிவிட்டாராம், தவமணியுடன் கட்டாயம் பேச வேண்டுமாம். அவ கொஞ்சம் கூச்ச சுபாவம் என்று சமாளித்தேன். ஒருமுறையும் காணாத பெண்ணுக்கு நானே குணம் கற்பித்துக்கொண்டிருந்தேன்.

“காலுறையோடை செருப்புப் போடுறதைக் கண்டு பிடிச்சிருக்கிறா பாருங்கோ. ஆம்பிளையளுக்கு இந்தக் கண் வராது, ரீச்சர்!”

பொன்னாடை

நாலாவது மலர் வந்தபோது, தவமணிக்கு ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று நிர்வாகக் குழு ஏகமனதாகத் தீர்மானித்தது. வேறு எந்த விடயத்திலும் அவர்கள் ஏகமனதாக இருந்ததை நான் கண்டதில்லை. உண்மையைச் சொல்லவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அவவுக்குக் குளிர் ஒத்துவராது, வீட்டைவிட்டு வெளிக்கிடமாட்டா என்று சொல்லிவிட்டுக் குணமே மேடை ஏறினார். தன் படங்களுக்கான பொன்னாடையைக் கணவன் என்ற முறையில் பணிவாக வாங்கினார். நான் மேடை ஓரத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன், கண்ணும் கலங்கியது.

அந்தப் பொன்னாடையையும் மலரையும் ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்து மனைவிக்கு அனுப்பினார். ஒவ்வொரு மலரையும் அப்படித்தான் அனுப்புவார். வழக்கு மட்டும் நகரவில்லை. அன்று மேடையிலிருந்து இறங்கிய தலைவருக்குத்தான் எவ்வளவு பூரிப்பு!

“மனிசிக்குக் கிடைச்ச மரியாதையைத் தனக்குக் கிடைச்ச மாதிரி நினைக்கிற புருசனை இண்டைக்குத்தான் காணுறன்.”

தவமணி வந்தார்

ஒருவழியாகத் தொண்ணூறுகளில் வழக்கு வென்றது. தவமணி லண்டன் வந்து இரண்டு மாதத்தில் ஆண்டு விழா. மண்டபத்துக்குள் கால் வைத்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். தங்களை வரையச் சொல்லி ஒருத்தி தாளை நீட்டினாள், இன்னொருத்தி பேனாவை. “என்ர மூக்கைப் பெரிசாக் கீறிப் போடாதேங்கோ” என்று ஒருவர் முன்கூட்டியே கெஞ்சினார். குணம் என்னைப் பார்த்தார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். எட்டு வருடப் பொய்யின் பதிப்பாசிரியர் நான்தானே.

தவமணி பேனாவைத் திருப்பிக் கொடுத்தார், மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார். கூச்ச சுபாவம் என்று நான் சொன்னதெல்லாம் அந்த நிமிடமே பொய்யாகிவிட்டது.

“எனக்கு ஒரு பூவும் கீறத் தெரியாது. எல்லாம் இவர் கீறினது. பயத்திலை தன்ர பேரை ஒளிச்சவர், என்ர பேரை ஒளிக்கேல்லை. அங்கை லைட்டும் இல்லை, தபாலும் இல்லை. இந்த மலரிலை என்ர பேரைப் பாத்துத்தான் இவர் என்னை மறக்கேல்லை எண்டு தெரிஞ்சுகொண்டனான்.”

புது ஆள்

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. தலைவர் தன் தோளில் கிடந்த பொன்னாடையைக் கழற்றிக் குணத்துக்குப் போர்த்தினார். அடுத்த மலரில் முதன்முதலாக ‘படங்கள்: குணம்’ என்று போட்டேன். பன்னிரண்டு மலர்களில் நான் மிகவும் சந்தோசமாக ஒட்டிய வரி அதுதான்.

மலர் வந்த கிழமை குட்மேய்ஸிலிருந்து போன். மகளின் பிரசவத்தால் அந்த அக்கா முந்திய விழாவுக்கு வந்திருக்கவில்லை.

“புது ஆள் பரவாயில்லை, ரீச்சர். எண்டாலும் தவமணியின்ர கை வராது.”

சங்க மலரில் தலைவரின் படத்தைக்கூட எடுத்துவிடலாம், ஆனால் ஒருவர் எட்டு வருடம் ஆசையாகப் போட்ட மனைவியின் பெயரை எடுக்க எந்த ஆசிரியராலும் முடியாது.