தர்ஷினியை எறும்பு கடித்த அன்று

நர்ஸ் வேலையில் கைக்கு முன்னால் காது வேலைக்கு வந்துவிடும். சிவகாசியிலிருந்து ஏழாயிரம்பண்ணை போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. சுற்றிலும் பட்டாசு ஆலைகள். ஒரு வண்டி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தால் என்ன ஏதென்று கேட்க மாட்டோம். சலைன் பாட்டிலையும் தீக்காயத்துக்கான துணியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவோம். இந்தப் பக்கம் வேலை பார்த்த உங்களுக்கும் அந்த ஓட்டம் காலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படி ஓடிப்போன ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

எந்தக் கம்பெனி

மத்தியானம் ஒரு ஆட்டோ உள்ளே வந்து நின்றது. இறங்கிய பெண்ணுக்கு முழங்கை வரை வெள்ளியாக மினுங்கியது. அலுமினியப் பொடி. மூன்று வயதுப் பிள்ளையைத் தன் மேல் படாமல் கைகளை நீட்டி ஏந்திக்கொண்டு வந்தாள், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைக் கொண்டுவருவதுபோல. எங்கள் ஆயா பாக்கியம், யாராக இருந்தாலும் முதலில் கேட்பதைக் கேட்டாள்: எந்தக் கம்பெனி? வந்தவளும் பழக்கத்தில் கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டாள். பின்னால் இன்னும் எத்தனை பேர் வருகிறார்களோ, கட்டில்களைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பாக்கியம் வார்டுக்குள் ஓடினாள்.

பிள்ளையைக் கிடத்திப் பார்த்தால் தீக்காயம் எங்கும் இல்லை. உடம்பு முழுக்கத் தடித்துச் சிவந்திருந்தது. உதடு வீங்கி, கண் மூடிப்போய், மூச்சு விசிலடித்தது. எங்கே வெடித்தது என்று டாக்டரம்மா கேட்டார். எங்கேயும் வெடிக்கவில்லை. முத்துமாரி என்ற அந்தத் தாய், வேலை முடிந்து கம்பெனி வேனில் வந்து இறங்கியிருக்கிறாள். பிள்ளை தர்ஷினி பால்வாடி விட்டு வந்து பக்கத்து வீட்டு வேப்பமரத்தடியில், சாக்கின் மேல் தூங்கிக்கொண்டிருந்தது. தினமும் குளித்த பிறகுதான் பிள்ளையைத் தொடுவாளாம். இன்று அது வீறிட்டு அழுததால் அப்படியே வாரி எடுத்துவிட்டாள். தோளில் கிடந்தபடியே பிள்ளை வீங்க ஆரம்பித்திருக்கிறது.

“என் சேலையில இருந்த பட்டாசு மருந்துதான் டாக்டர். குளிக்காமத் தூக்கிட்டேன்.”

தண்ணீர்

நாங்கள் அதை நம்பினோம். கரிமருந்தும் வெள்ளிப் பொடியும் பறக்கிற ஊரில் அதை நம்பாதவர் யார்? நான் சட்டையைக் கத்தரித்தேன். பாக்கியம் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து பிள்ளையைக் கழுவத் தொடங்கினாள். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மா, கழுவுவதெல்லாம் அப்புறம், மூச்சு அடைக்கிறது, முதலில் அட்ரினலின் எடு என்றார். மருந்தை ஏற்றி நீட்டினேன். அவர் பிள்ளையின் தொடையில் ஊசியைப் போட்டார்.

ஊசி போட்ட பிறகுதான் பாக்கியம் ஈர ஜட்டியைக் கழற்றினாள். எலாஸ்டிக்குக்கு அடியில் செவ்வெறும்புகள். சில செத்தும் சில உயிரோடும். இடுப்பைச் சுற்றிக் கடிவாய்கள். பிள்ளையின் மூடிய கையைப் பிரித்தால் பாதி கரைந்த கருப்பட்டி மிட்டாய். பாக்கியம் வாளியைக் கீழே வைத்தாள்.

“அட பாவிகளா, எறும்பா? நான் அங்கன வார்டையே காலி பண்ணிட்டு வந்து நிக்கேன்.”

எல்லாப் பிள்ளையையும் கடிக்கிறதுதான்

மூச்சு மெல்லச் சீரானது. கண் திறந்தது. டாக்டரம்மா முத்துமாரியை உட்காரவைத்துச் சொன்னார். எறும்பின் விஷம் சில உடம்புகளுக்கு ஆகாது, இந்தப் பிள்ளையின் உடம்பு அப்படிப்பட்டது, அடுத்த தடவை கடித்தால் இன்னும் மோசமாகலாம். முத்துமாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நோயாளி வீட்டார் எப்போது கேட்டுக்கொண்டு தலையாட்டுகிறார்கள், எப்போது சும்மா ஆட்டுகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

குளியலறைக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. பாக்கியத்தின் மாற்றுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தபோது கையெல்லாம் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்தது. ஆனாலும் கட்டிலுக்கு வரவில்லை. வார்டு வாசலிலேயே நின்றுகொண்டாள். தர்ஷினி இரண்டு கைகளையும் அவளை நோக்கி நீட்டி அழுதது. நான் அதை மடியில் போட்டுக்கொண்டு, சும்மா வந்து தூக்கும்மா, உன்னால் ஒன்றும் ஆகவில்லை என்றேன். அவள் அங்கிருந்தே பேசினாள்.

“எறும்பு ஊர்ல எல்லாப் பிள்ளையவும்தான கடிக்குது சிஸ்டர். எம்பிள்ளைக்கு மட்டுமா இப்பிடி ஆகும்?”

அப்பா

கருப்பசாமிக்குப் பட்டாசுப் பெட்டிகளை லாரியில் ஏற்றுகிற வேலை. தலையில் கட்டிய துண்டோடு வந்தவன் பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மனைவியிடம் போனான். காலண்டர் பைண்டிங்குக்குப் போ என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேனே, பட்டாசுக்குள் மருந்தடைக்கத்தான் போவேன் என்று நின்றாயே என்று குரலை உயர்த்தாமலே பேசினான். நான் குறுக்கே போய் எறும்பு விஷயத்தைச் சொன்னேன். கடிவாய்களைக் குனிந்து பார்த்தவன் பெரிதாக மூச்சு விட்டான். ‘எறும்புதானா’ என்று சிரித்தான்.

எறும்புதான் என்றால் வீட்டுக்குக் கூட்டிப்போகலாமே என்பது அவன் கணக்கு. இன்றைக்கு இங்கேயே இருக்கட்டும், மறுபடி கடிக்காவிட்டாலும் வீக்கம் திரும்பி வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதை நான் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சீசன் நேரம், லோடு நிற்கிறது என்று அவன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

“எறும்பு கடிச்சதுக்கு ஆஸ்பத்திரியில தங்குனோம்னு தெரிஞ்சா, லோடு ஏத்துற பயலுக எனக்கு எறும்புன்னே பேரு வச்சிருவாய்ங்க சிஸ்டர்.”

வெயில் தாழ

அவன் ஆட்டோ பிடிக்கப் போனான். தர்ஷினி என் மடியில், ஆஸ்பத்திரியின் வெளுத்த அங்கியில், என் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. முத்துமாரி வாசலை விட்டு அசையவில்லை. பிள்ளை கழுத்தைச் சொறிந்தது. கொசுவாக இருக்கும் என்று நினைத்து முடிப்பதற்குள் ஒரு இருமல், இன்னொரு இருமல். பேனா கீழே விழுந்தது. முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். வீக்கம் வடிந்த உதடு மறுபடி திரண்டிருந்தது.

டாக்டரம்மா ஓடிவந்தார். இன்னொரு தொடையில் இன்னொரு ஊசி. ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிள்ளை பிய்த்துப் பிய்த்து எறிந்தது. நான் அழுத்திப் பிடித்துக்கொண்டே வாசலைப் பார்த்தேன். முத்துமாரி ஓடிவிடுவாள் என்று பயந்தேன். அவள் தன் கைகளைப் பார்த்தாள். பிறகு தான் நிற்கிற இடத்துக்கும் கட்டிலுக்கும் நடுவே கிடந்த வெறும் தரையைப் பார்த்தாள். குளித்துவிட்டு வந்ததிலிருந்து அவள் அந்தத் தரையைத் தாண்டவே இல்லை.

வேகமாக நடந்து வந்து கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். மாஸ்க்கோடு பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். டாக்டரம்மா தடுக்கவில்லை. பிள்ளை மாஸ்க்கைப் பிய்ப்பதை விட்டது. ஆட்டோக்காரரோடு திரும்பி வந்த கருப்பசாமி வாசலில் நின்று பார்த்துவிட்டு, அவரை அனுப்பிவைத்தான். முத்துமாரியின் முகமெல்லாம் கண்ணீர். பயமா, வேறு எதுவுமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

“இந்தத் தடவ நான் தொடவே இல்ல சிஸ்டர். பாத்தீகள்ல, நான் தொடவே இல்ல.”

எலுமிச்சம்பழம்

வீட்டுக்கு அனுப்புகிற அன்று, மறுபடி கடித்தால் போட அட்ரினலின் குப்பியும் சிரிஞ்சும் கையில் கொடுத்து, எவ்வளவு ஏற்ற வேண்டும், தொடையில் எந்த இடம், போட்டவுடன் எங்கும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்றெல்லாம் டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தார். பழகுவதற்கு ஒரு எலுமிச்சம்பழமும் தண்ணீரும். கருப்பசாமி முதலில் வாங்கினான். பெட்டி பெட்டியாகத் தூக்கி எறிகிற கை, ஊசியைப் பிடித்ததும் ஆடியது. பழத்தின் தோலைக் கீறிவிட்டு, இது நமக்கு ஆகாது என்று பொண்டாட்டியிடம் நீட்டினான்.

முத்துமாரி ஊசியை வாங்கினாள். அளவுக் கோடு வரைக்கும் தண்ணீரை ஏற்றி, காற்றைத் தட்டி வெளியேற்றி, நேராக இறக்கினாள். கம்பெனி வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், தான் உள்ளே இருக்கும்போது யாரும் கூப்பிட முடியாது என்பதால் பால்வாடி டீச்சரையும் பக்கத்து வீட்டு அக்காவையும் மறுநாள் கூட்டிவருவதாகச் சொன்னாள். சொன்னபடியே கூட்டிவந்தாள். அவர்கள் பழகிக்கொண்டிருக்கும்போது, உனக்குக் கை நடுங்கவில்லையா என்று அவளிடம் கேட்டேன். தர்ஷினியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

“மருந்தடைக்கிற கை நடுங்குனா அங்கன இருக்க அம்புட்டுப் பேரும்ல போகணும். நடுங்காது சிஸ்டர்.”

பட்டாசு ஆலைகளுக்கு நடுவே நர்ஸாக இருந்து நான் தெரிந்துகொண்டதெல்லாம், எங்கள் ஊரில் ஆபத்தும் அந்த ஆலைகளைப்போல லைசென்ஸ் வாங்கிக்கொண்டுதான் வரவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை என்பதுதான்.