பங்கிட்ட பதினான்கு குளிசைகள்

பரிசோதனை முடிவைச் சொன்னபோது டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் மருத்துவரின் அறையில் அவரும் நானும் மட்டுமே இருந்தோம். எனக்கு நிச்சயித்த பெண் அங்கே இல்லை. பிராண்டே என்ற சிற்றூரில் தன் பெற்றோர் வீட்டில் இருந்தாள்.

மூன்று நாளாகச் சிறுநீர் போகையில் எரிந்தது. கிளமிடியா, உடலுறவில் தொற்றும் கிருமி என்றார் மருத்துவர். பல மாதம் சத்தமில்லாமல் இருக்குமாம். அவளைச் சந்திக்க முன்பே, பல்கலைக்கழக விடுதியில் இருந்த நாட்களில் தொற்றியிருக்க வேண்டும். காலை ஒன்று, மாலை ஒன்று, ஏழு நாள், பதினான்கு குளிசை.

"எரிவு நின்றாலும் கடைசிவரை போடுங்கள். உங்கள் துணையும் பரிசோதிக்க வேண்டும். இருவரும் முடிக்கும்வரை சேரக்கூடாது."

தலையாட்டினேன்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். டேனிஷ் மருந்துத் தாள்களை அம்மாவுக்கு வாசித்துச் சொல்வது சின்ன வயதிலிருந்தே என் வேலை. வாசித்துச் சொன்ன பிறகும், அப்பாவின் பல்லுக்குத் தந்த குளிசையில் நாலை எடுத்து பிஸ்கட் டப்பாவில் வைப்பார் அம்மா, அடுத்து யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் உதவும் என்று. அதற்காக அவரைக் கேலி செய்திருக்கிறேன்.

பிராண்டே மருத்துவரின் வரவேற்பு மேசையில் அவளுடைய சித்தி வேலை செய்தார். அங்கே பரிசோதித்தால் அவர் அறிந்துவிடுவார் என்பதைச் சாட்டாக வைத்து, ஏழு குளிசையை எண்ணிக் கடித உறையில் போட்டுக் கொண்டுபோனேன்.

"எனக்குச் சிறுநீரில கிருமியாம். உமக்கும் தொத்தியிருக்கும், என்ர குளிசையில பாதி இது, போடும்."

"பிரிச்சுப் போட்டால் ஆளுக்கு ஏழு காணுமோ?"

"ஓம், காணும்."

"படிச்ச ஆள் சொன்னாச் சரிதான்," என்று சிரித்தாள்.

நான்காம் நாள் என் ஏழு குளிசையும் முடிந்தது, எரிவும் நின்றது. நானும் அதை மறந்துபோனேன். ஒரு மாதம் கழித்து, ஐந்தாம் கிழமை எரிவு திரும்பியது. இரண்டு நாளாக அவளிடம் சொல்லவில்லை. அதற்குள் அவளுக்கு அடிவயிற்றில் வலி. சித்தி இருந்த அதே இடத்துக்குத்தான் போனாள்.

தொலைபேசியில் அவள் குரல் உயரவில்லை.

"டொக்டர் வருத்தத்தின்ர பேரைச் சொன்னவர். உங்களுக்கு முதலே தெரியும், என்ன?"

"ஓம்."

"உள்ளுக்க பழுது வந்ததோ எண்டு இப்ப சொல்லேலாதாம். பிள்ளை பெற நினைக்கேக்கதான் தெரியுமாம். சித்தி அறிஞ்சது எனக்குப் பெரிசில்லை. நீங்கள் சொல்லேல்லை, அதுதான்."

மன்னிப்புக் கேட்டேன்.

"முதல்ல முழுசாப் போட்டு முடியுங்கோ," என்றாள்.

மருந்துக்கடைக்கு இருவருமாகப் போனோம். எனக்கு மறுபடி ஏழு நாள்; அவளுக்கு இரண்டு விதம், பதினான்கு நாள். இரண்டுக்குமாக என் வங்கி அட்டையை நீட்டினேன். அவள் தன் மருந்துக்குத் தானே காசு கட்டினாள். இருவரதும் சேர்த்து எல்லாமாக நானூற்றுப் பன்னிரண்டு குரோனர்.