முதல் தரம் கேட்டபோது

உதவிப் பயிற்சியாளருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பயிற்சியாளர் யோசிப்பார், நான் சுமப்பேன். பந்துப் பை, பிளாஸ்டிக் கூம்புகள், தண்ணீர்ப் போத்தல்கள், இடைவேளைக்கு நறுக்கிய தோடம்பழம். தோற்றால், திரும்பி வரும் வான் வண்டியில் பெடியளின் மௌனமும் என் கணக்கில்தான்.

தொண்ணூறுகளில் பெரும்பகுதியை ஒக்லாந்தின் தெற்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இப்படிச் சுமந்தே கழித்தேன். சம்பளம் கிடையாது. அதற்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். சனிக்கிழமை காலை மட்டும் நான் மனிதன், அதுவும் நனைந்த மனிதன். ஊரில் மழை வந்தால் வரும், விட்டால் விடும். இந்த ஊர் மழைக்கு என்னைப்போலவே ஒரு முடிவு எடுக்கத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் நான் கணக்கு வாத்தியார். கல்லூரியின் உதைபந்தாட்ட அணியைப் பழக்கியவனும்கூட. இங்கேயும் ஒரு அணி என் பொறுப்பில் வரவேண்டும் என்பது என் ஒரே ஆசை. வீடு வாங்கும் ஆசைகூட மனைவியுடையதுதான்.

ஒரு சனிக்கிழமை, ஆட்டம் முடிந்து கூம்பு பொறுக்கிக்கொண்டிருந்தேன். விளையாட்டுப் பொறுப்பாசிரியர் சேற்றில் நடந்து வந்தார். பயிற்சியாளர் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறாராம். இங்கே எல்லோரும் கடைசியில் அங்கேதான் போவார்கள்.

“அடுத்த வருசம் அணியை நீர் பொறுப்பெடுப்பீரா?”

நெஞ்சுக்குள் தவில் அடித்தது. ஆனால் எங்கடை ஆட்களுக்குக் கேட்டவுடன் ஓம் சொல்லிப் பழக்கமில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்றால் இலைக்குமேல் கையைக் குறுக்கே பிடிப்போம்; கதிரை தந்தால் “இல்லை, நிக்கிறன்” என்போம். மூன்றாம் தரம்தான் சம்மதம். அதற்கு முன் சம்மதிப்பவனை ஆலாய்ப் பறக்கிறான் என்பார்கள்.

“நான் எங்கே! என்னைவிடத் தகுதியானவர்கள் இருப்பார்கள்” என்று, கைவசமிருந்த மிக அடக்கமான ஆங்கிலத்தில் சொல்லி, தலை குனிந்து இரண்டாம் தரத்துக்குக் காத்து நின்றேன்.

“நோ வொரீஸ், மேற்” என்று, பரவாயில்லை என்பதுபோல் தோளில் தட்டிவிட்டு அவர் காருக்குப் போனார். திரும்பி வருவார் என்றுதான் நினைத்தேன். கார் வாசலைத் தாண்டும்வரை நினைத்தேன்.

“என்ன சொன்னியள்?” என்றாள் மனைவி. சொன்னேன்.

“ஏனப்பா, மூண்டுதரம் கேக்கிறதுக்கு அந்தாள் என்ன சம்பந்தம் பேசவே வந்தது?”

“டாட், ஜஸ்ட் சே யெஸ்” என்றாள் மகள், தொலைக்காட்சியிலிருந்து கண்ணெடுக்காமல்.

புதிய பயிற்சியாளராக வந்தவர் புவியியல் ஆசிரியர். றக்பி ஆடி வளர்ந்தவர். ஆசிரியர் அறையில் தேநீர்க் கோப்பைகளைப் பரப்பி அவருக்கு ஓஃப்சைட் விதியை நான்தான் விளங்கப்படுத்தினேன். நல்ல பிள்ளை. கொஞ்ச நாளில் யோசிப்பதையும் என்னிடமே விட்டுவிட்டார். இடைவேளையில் அவர் காதுக்குள் நான் சொல்வேன், அதை அவர் உரத்துச் சொல்வார், பெடியள் தலையாட்டுவார்கள். வென்றோம்கூட. பத்திரிகைப் படத்தில் அவருக்குப் பின்னால் தெரியும் பந்துப் பை நான் பிடித்திருப்பது.

பிறகு அவருக்கும் அவுஸ்திரேலியா வந்தது. மனைவி குசினியில் எனக்குப் பயிற்சி தொடங்கினாள்.

“இன்னும் ரசம் விடவா?”

“காணும், போதும்... ஓம்.”

“யோசிக்கப்படாது!”

“ஓம்!”

அந்த வாரம் என் காற்சட்டை இறுகியது.

சனிக்கிழமை பொறுப்பாசிரியர் வந்தார். அதே மைதானம், அதே தூறல், என் கையில் அதே கூம்புகள். “நீர் முன்பு சொன்னதை நான் மறக்கவில்லை. தலைமைப் பொறுப்பு உமக்கு விருப்பமில்லை. நான் வற்புறுத்த மாட்டேன். வேறொருவரைப் பிடித்துவிட்டேன். அவருக்கும் நீர் உதவியாக இருப்பீரா?”

“ஓம்!” என்றேன். வாய் முந்திவிட்டது, அதுவும் தமிழில். முகத்தைப் பார்த்து அவருக்கு விளங்கிவிட்டது. நன்றி சொல்லிவிட்டு நடந்தார்.

வீட்டில் மனைவி என்னைப் பார்த்தாள். சோற்றைப் போட்டாள். நான் கையைக் குறுக்கே பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்குப் புதியவர் முன்னதாகவே வந்து ஆசிரியர் அறையில் இருந்தார். அகலமான றக்பித் தோள்கள், கூச்சமான சிரிப்பு. ஓஃப்சைட் பற்றி ஒரு சின்னச் சந்தேகம் என்றார்.

நான் எழுந்து கோப்பைகளை எடுத்து வந்தேன்.