மாப்பிள்ளை மேகம் கலைத்த கதை

சொன்னா வெக்கம், அழுதா துக்கம். தலை தீபாவளிக்குக் குடியாத்தம் போன இடத்தில் மேகத்தைக் கலைக்கப் புறப்பட்ட மடையன் நான்தான்.

எழுபதுகளின் கடைசி. ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் கெமிஸ்ட் வேலை, விரலில் மாமனார் போட்ட புது மோதிரம். கேக்கணுமா என் பவுசுக்கு! மாமனார் வீட்டில் லுங்கி நெசவு. தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி வெயிலில் காயவைக்கணும். தீபாவளி முடிந்தும் வானம் மூடியே கிடந்ததால் தறிகள் சும்மா நின்றன.

"நீங்க பாவு போடுங்க மாமா, மேகத்தை நான் பாத்துக்கறேன்" என்றேன். விமானம் இறங்குவதற்காகத் தாழ்ந்த மேகத்தில் உப்புத் தூவிக் கலைக்கிறார்கள் என்று ஏதோ பத்திரிகையில் படித்திருந்தேன். நம்மிடம் விமானம் இல்லாட்டி இன்னா, உப்பை மேலே தூக்கிட்டுப் போகப் புகை இருக்கிறதே! பஸ் ஏறி ஆம்பூர் போய், பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தடவி, பிறகு உதறிப்போட்ட உப்பு ஒரு மூட்டை கொண்டுவந்தேன்.

மறுநாள் காலை தெரு முழுக்க ஈரப் பாவு. நான் தெருக்கோடியில் தேங்காய் மட்டையைக் கொளுத்தி உப்பைக் கொட்டினேன். ஐயோ, அந்த நாத்தம்! பக்கத்து வீட்டம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நல்லா எரியுது மாப்ளே" என்றார். தலை தீபாவளி மாப்பிள்ளையை யார் எதிர்த்துப் பேசுவார்கள்? எனக்கோ அது பாராட்டாகவே பட்டது.

மாமனார் மெதுவாகக் கேட்டார். "ஒரு சந்தேகம் மாப்ளே. கலைஞ்ச மேகம் எங்க போவும்?"

"எங்கயும் போவாது மாமா. அப்படியே மழையா எறங்கிடும்" என்றேன் பெருமையாக.

எல்லாரும் பாவைப் பார்த்தார்கள். நனைந்தால் கஞ்சி கரைந்து நூலோடு நூல் ஒட்டிக்கொள்ளும், அந்த மாசப் பிழைப்பே போச்சு. அப்போதும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. இன்னும் ரெண்டு கை உப்பு ஜாஸ்தியாகவே அள்ளிப் போட்டேன்.

என் மூக்கு மேலேயே முதல் சொட்டு விழுந்தது. மாமனார் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

வீட்டுக்குள்ளிருந்து என் மனைவி ஓடிவந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து என் எதிரில் குரலை உயர்த்தாதவள், "நைனா, சுருட்டுங்க! இவருக்கு இன்னா தெரியும்?" என்று கத்தினாள்.

அவள் சொல்லி முடிக்குமுன் பாவு பாதி சுருண்டிருந்தது. ஒருத்தரும் எங்கிருந்தும் ஓடிவரவில்லை. காலையிலிருந்து தெருவே பாவு கட்டிய முடிச்சுமேல் கையை வைத்துக்கொண்டு, 'சுருட்டுங்க' என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் நின்றிருக்கிறது.