பொன்னுதுரை இல்லாத இரண்டு மாதம்

தேவதாஸ் காவடி நேர்ந்துகொண்டு விரதம் இருந்த வருஷம், அவன் பங்குக்கு விழுந்த சாக்கடை, பன்றிக்கறிச் சந்தைக்குப் பின்னால் ஓடியது. மாலை போட்ட உடம்போடு அந்த ரத்தத்தண்ணீரில் எப்படி இறங்குவது என்று மனசுக்குள்ளேயே மருகினான், யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தினமும் அவன் போய்ச் சேரும் முன்பே அந்த இடத்தை யாரோ கழுவி விட்டிருந்தார்கள். நாற்பத்தெட்டு நாளும் அப்படித்தான். கழுவியது பொன்னுதுரை என்று தைப்பூசம் முடிந்து பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

நன்றி சுரக்கவேண்டிய இடத்தில் தேவதாசுக்கு வயிறு எரிந்தது. 'இதிலும் இந்த ஆள்தான் முந்திக்கொண்டாரா!'

இருவரும் காஜா பெராங் வட்டாரத்தில், ஊர் லொங்காங் என்று சொல்லும் சாக்கடையைச் சுத்தம் செய்யும் முனிசிபல் வேலைக்காரர்கள். தேவதாஸ் குடிக்கமாட்டான், புகைக்கமாட்டான். வெள்ளிக்கிழமை கோயில் தவறாது. பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள் மட்டம் போட்டதில்லை. பொன்னுதுரையோ வேலை முடிந்ததும் நேரே கள்ளுக்கடைக்குப் போவார். சில நாள் திரும்பும் வழியில் ரோட்டோரம் உட்கார்ந்து பாடுவார். ஆனாலும் தெருவில் எங்கே அடைத்துக்கொண்டாலும் கூப்பிடுவது அவரைத்தான். தேத்தண்ணிக்கடை தாவூத், தேவதாசைக் கண்டதும் முதலில் கேட்பது, "எங்கேப்பா பொன்னுதுரை?" சொந்த மனைவி கமலவேணிகூட, "அந்த அண்ணன் வந்தா கால்மணி நேரத்துல தண்ணி ஓடிரும்" என்பாள். அந்த வார்த்தை சோற்றில் கல்லாய் அவனுக்குப் பல்லில் இடறும்.

வருஷக் கடைசியில் கிழட்டு மண்டோர் ஓய்வு பெறப்போகிறார். அந்த மேஸ்திரி வேலை தனக்கா, பொன்னுதுரைக்கா என்பதே தேவதாசின் ராத்தூக்கத்தைத் தின்றது.

மெர்டேகா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது. அதற்குமுன் குடித்து விழுந்தவனுக்கு ஏதோ அபராதம் போடுவார்கள். மறுநாள் அவன் விளக்குமாற்றோடு வேலைக்கு வந்துவிடுவான். இப்போது கெடுபிடி கூடியது. இரண்டாம் தடவை பிடிபட்டால் இரண்டு மாதச் சிறை. சாக்கடை வேலைக்காரர் ஒன்பது பேரில் நாலு பேர் மாட்டினார்கள். பொன்னுதுரை அதில் ஒருவர்.

வழக்குக்கு முந்தின நாள் முனிசிபல் இன்ஸ்பெக்டர் ராஜரத்தினம், தேவதாசைக் கூப்பிட்டார். "பொன்னுதுரை இல்லாமல் வேலை நடக்காது என்றால் சொல்லு. கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன்."

ஒரு வார்த்தை போதும். தேவதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாங்க சமாளிச்சுக்குவோம்லா, ஐயா" என்றான்.

அன்று சாயங்காலம் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தான். எதற்காக என்று அம்மனிடம்கூடச் சொல்லவில்லை.

ஐந்து பேர் ஒன்பது பேர் வேலையைச் செய்தார்கள். சாக்கடை தெங்கேராவில் கடலோடு சேரும் இடத்தில் ஒரு மரமதகு உண்டு. கடல் பெருகும்போது அடைத்து, வடியும்போது திறக்கவேண்டும். அதைப் பொன்னுதுரை பார்த்துவந்தார். இப்போது தேவதாஸ் பார்த்தான். அமாவாசைக்குத் தண்ணீர் பெரிதாக வரும் என்பது அவன் அறிந்ததே. மாதாமாதம் விரதம் இருப்பவனாயிற்றே! அமாவாசையன்று ஒழுங்காக அடைத்தான். மறுநாள் திதி முடிந்ததென்று திறந்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனான்.

அதற்கடுத்த நாள் காலையில் மழையும் கடலும் ஒன்றாய் வந்தன. காஜா பெராங் வீடுகளில் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர். கிணறுகள் கெட்டன. பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள்.

தண்ணீர் வடிந்தபின் சேறு அள்ள ஆளில்லை. நாலாம் நாள் சிறைச்சாலை லாரி ஒன்று வந்து நின்றது. கைதி உடுப்பில் இறங்கியவர்களைப் பார்த்துத் தாவூத் கடையிலிருந்து ஓடிவந்தார்.

"அட, நம்ம ஆளுங்கதானே! முந்தி நடந்து வந்து கூட்டுனாங்க. இப்ப லாரி, டிரைவரு, கம்பு புடிச்ச வார்டரு ரெண்டு பேரு, மூணு வேளைச் சோறு! அதே லொங்காங், அதே வெளக்குமாறு. யாரு காசுய்யா இது?"

"உங்க காசுதான், தாவூத் நானா" என்றார் பொன்னுதுரை. வார்டர்களும் சிரித்துவிட்டார்கள்.

கமலவேணி ஒரு கேத்தல் நிறையத் தேத்தண்ணி கொண்டுவந்து முதல் கோப்பையை அவரிடம் நீட்டினாள். "எளைச்சுப் போயிட்டீங்களேண்ணே!" வேலைச் சட்டையோடு நின்ற தேவதாசை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கைதிச் சட்டைமேல்கூட அவனுக்குப் பொறாமை வந்தது.

பொன்னுதுரைதான் அவனைப் பார்த்தார். "என்னடா தம்பி, மதக எப்பத் தொறந்தே?"

"அமாவாசைதான் முடிஞ்சிருச்சே, அண்ணே..."

"அமாவாசை போயி ரெண்டாம் நாளுதான்டா தண்ணி பெரிசு! விரதம் இருந்தியே, கடலுக்கும் பஞ்சாங்கம் ஒன்னு வாங்கிக் குடுத்திருக்கக் கூடாது?"

தெருவே சிரித்தது.

தண்டனை முடிந்து அவர் வெளியே வந்தார். சிறைக்குப் போனவனை மறுபடி எடுப்பதில்லை என்றது முனிசிபல். புதிதாக எடுத்த நாலு பேருக்குச் சாக்கடையின் தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. தேவதாஸ் மண்டோர் ஆனான். தாவூத் மட்டும் இன்னும் கேட்டார், "எங்கேப்பா பொன்னுதுரை?"

சில மாதம் கழித்து, ஜொகூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போவதாகப் பொன்னுதுரை பஸ்ஸுக்கு நின்றார். காலை ஒன்பது மணிகூட ஆகவில்லை; அதற்குள் கள்வாடை வீசியது. தேவதாஸ் அவர் பக்கத்தில் போய் நின்றான். "அண்ணே, அன்னிக்கு இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டப்ப, நான்தான் நீங்க வேணாங்கிற மாதிரிச் சொன்னேன். பொறாமைண்ணே."

"தெரியும்டா. உன் மூஞ்சிக்கு ஒளிக்கத் தெரியுமா?" பொன்னுதுரை துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் படியில் கால் வைத்தார்; பிறகு திரும்பினார்.

"இனிமே எவனையாவது புடிச்சிட்டுப் போனா, ஆளு வேணும்னு சொல்லு. வேல இருந்த வரைக்கும் நான் சாயங்காலந்தான்டா குடிச்சேன்."