அக்கா ருசி பார்த்த மணல்

நினைவு மலருக்கு எங்கள் அக்காவைப் பற்றி எழுதச் சொன்னால் அவரின் நாக்கில் இருந்துதான் தொடங்குவேன். உறவினர் கோபிக்க வேண்டாம். அவர் வெடுக்கென்று பேசுவார் என்பதற்காக அல்ல, அதுவும் உண்மைதான். ஆனால் அந்த நாக்குத்தான் என்னைக் காப்பாற்றியது.

திருகோணமலைத் துறைமுகக் கரையில் மூத்த பிள்ளையாகப் பிறந்த அக்கா, இளம் வயதிலேயே அம்மாவை இழந்தார். என்னை வளர்த்தவர் அவரே. சுதந்திரம் கிடைத்த கையோடு, துறைமுகத்தில் வேலை பார்த்த எங்கள் தகப்பன், ஐயா, கிடுகு வேய்ந்த ஓலை வீட்டைப் பிரித்துவிட்டுக் கல்வீடு கட்டினார். மணல் கடற்கரையில் சும்மா கிடந்தது; ஊரில் மற்றவர்களைப் போல அதையே அள்ளிச் சீமெந்தோடு குழைத்தார். எங்கள் தெரு ஒழுங்கையில் முதல் கல்வீடு எங்களுடையது. ஐயாவுக்குத் தலைகால் தெரியாத புளுகம், அவ்வளவு சந்தோஷம்.

வாடைக்காற்று தொடங்கியதும் சுவர்கள் வியர்த்தன. வெள்ளை உதிர்ந்து பூஞ்சணம் பிடித்தது. எனக்குத் தொய்வு வந்தது. மூச்சு முட்டி, இருந்தபடியே உறங்கினேன். மாமி வீட்டுக் கிடுகுக் கொட்டிலில் படுத்தால் குறைந்தது, வீட்டுக்கு வந்தால் கூடியது. அதைக் கவனித்த அக்கா, ஒரு காலை சுவரில் நாக்கை வைத்தார்.

“ஐயா, சுவர் உப்புக் கரிக்குது. இது ஒருநாளும் காயாது. தம்பி இதுக்குள்ள இருக்க ஏலாது.”

“கட்டி ஒரு வருசம் ஆகேல்லை. இடிக்கச் சொல்லுறியோ?”

“ஓம். வீடு வேணுமோ, தம்பி வேணுமோ எண்டு நீங்களே சொல்லுங்கோ.”

ஐயா வெளியே போய்விட்டார். பின்னேரம் திரும்பியபோது கையில் சுவர் இடிக்கும் அலவாங்கு இருந்தது. முதல் அடியை அவரே அடித்தார், அழுதுகொண்டே அடித்தார்.

புதுச் சுவர்கள் ஆற்று மணலிலும் சுண்ணாம்பிலும் எழும்பின. வாடைக்காற்றும் சோளகக்காற்றும் நேராகப் புகுந்து வெளியேற எதிரெதிரே யன்னல் வைக்கச் சொன்னவர் அக்கா. குசினி அடுப்புப் புகைக்கும் வழி விட்டார். கூரைக்குப் புதுமரம் தறிக்க வேண்டாம், இடித்த வீட்டுப் பாலை மரமே போதும் என்றார். அடுத்த மாரியில் நான் கால் நீட்டிப் படுத்து உறங்கினேன்.

பின்னாளில் அக்கா ஆசிரியையானார், மணம் முடித்தார், பிள்ளைகளைப் பெற்றார். ஊருக்கு அவர் ‘மணல் ரீச்சர்’. கிண்ணியா, தம்பலகாமம் என்று எங்கிருந்தும் வீடு கட்டுபவர்கள் ஒரு பிடி மணலைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வருவார்கள். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துவிட்டு, “திருப்பி அனுப்புங்கோ” அல்லது “கட்டுங்கோ” என்பார். “மணலில உப்புத் தெரியுது, கறியிலதான் தெரியேல்லை” என்று அத்தான் பகிடி பண்ணுவார். படுக்கையில் விழுந்த பிறகும் என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: “யன்னலைத் திறந்து விடு தம்பி.”

அவர் காலமான பிறகு, சேமக்காலையில் அவரின் கல்லறைக்கு மேசன் இறக்கிய மணலை என்னையறியாமல் நாக்கில் வைத்தேன். உப்பு. திருப்பி அனுப்பினேன். கல்லறை பிந்தியது அதனால்தான். குறை சொன்னவர்கள் பொறுத்தருள வேண்டும்.

அக்காவின் நோயில் கூட இருந்து பார்த்த அயலவருக்கும், திருப்பலி ஒப்புக்கொடுத்த பங்குத்தந்தைக்கும் எங்கள் நன்றி. தன் லொறியிலேயே ஆற்று மணல் கொண்டுவந்த கிண்ணியாவின் முஸ்லிம் அண்ணன் நானாவை மறக்க முடியாது. அவரின் வீடும் அக்கா பார்த்துச் சொன்ன மணலில் எழும்பியதுதான். மணலை இறக்க முதல் ஒரு பிடியை அள்ளி என்னிடம் நீட்டினார்.

“ரீச்சர் இல்ல. நீங்க பாத்துச் சொல்லுங்க தம்பி.”

நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை.

“கட்டுங்கோ” என்றேன்.